போலந்தில் உலக வாலிபால் பார்க்கப் போகிறீர்களா? விசாவிலிருந்து தொடங்குங்கள்

2024 ஜூன் முதல் வாரத்தில் என்னிடம் அரை இறுதிக்கும் இறுதிக்கும் டிக்கெட் இருந்தது. போக வர விமான டிக்கெட் இருந்தது. வார்சாவில் ஐந்து இரவுக்கு ரூம் போட்டிருந்தேன். பாஸ்போர்ட் மட்டும் என்னிடம் இல்லை. விசாவுக்குப் போன பாஸ்போர்ட் மூன்று வாரமாகத் திரும்பவில்லை. காலையில் பல் தேய்க்கும்போதே டிராக்கிங் பக்கத்தைத் திறந்து பார்ப்பேன். 'பரிசீலனையில் உள்ளது' என்ற அதே வரிதான் இருக்கும். கடைசியில் ஜூன் 20 அன்று கூரியரில் வந்து சேர்ந்தது. விமானம் 25ஆம் தேதி அதிகாலை.

நான் போனது வாலிபால் நேஷன்ஸ் லீக்கின் இறுதிச் சுற்றுக்கு. நாட்டு அணிகள் ஆண்டுதோறும் மோதும் போட்டி அது. எட்டு நாட்டு ஆண்கள் அணிகள், ஜூன் 27 முதல் 30 வரை நான்கு நாள். நடந்த ஊர் வூச். வரைபடத்தில் பார்த்தால் 'லோட்ஸ்' என்று படிக்கத் தோன்றும். குறுக்கே கோடு போட்ட எல் எழுத்தைப் போலந்துக்காரர்கள் 'வ' என்றுதான் சொல்வார்கள். ரயிலில் 'லோட்ஸ்' என்ற அறிவிப்புக்காகக் காத்திருந்தால் இறங்க மாட்டீர்கள்.

2027இல் ஆண்கள் உலக சாம்பியன்ஷிப்பே போலந்தில் நடக்கப்போகிறது. 32 அணிகள். இப்போதே இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். இந்திய பாஸ்போர்ட்டில், முதல் முறையாக ஐரோப்பா போய், சொந்தக் காசில் ஆட்டம் பார்க்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தேன். நீங்கள் கீழே உள்ள வரிசையில் செய்யுங்கள்.

1. காலண்டரைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

போலந்துக்கு வேண்டியது ஷெங்கன் விசா, பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஒன்று. அதற்குப் பயண தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசிக் கெடு 15 நாள் முன்பு. முடிவு சொல்ல அவர்களுக்கு உள்ள வழக்கமான அவகாசம் 15 நாள். கூடுதலாக ஏதாவது பார்க்க வேண்டியிருந்தால் 45 நாள் வரை இழுக்கலாம். இதெல்லாம் விதியில் எழுதியிருப்பது.

எழுதாமல் இருப்பது அப்பாயின்ட்மென்ட். விண்ணப்ப மையத்தில் கைரேகை கொடுக்கவும் காகிதங்களைக் கொடுக்கவும் ஒரு நேரம் பிடிக்க வேண்டும். கோடையில் அந்த நேரம் கிடைப்பதே பெரிய பாடு. 15 நாள் என்ற கணக்கு நீங்கள் காகிதம் கொடுத்த நாளிலிருந்துதான் ஓடத் தொடங்கும், ஆன்லைனில் நேரம் பிடித்த நாளிலிருந்து அல்ல. என் முதல் தப்பு இதுதான். ஏப்ரல் தொடக்கத்தில் உட்கார்ந்தேன், மே நடுவில்தான் நேரம் கிடைத்தது.

அதனால் போட்டித் தேதி அறிவித்த அன்றே பின்னோக்கி எண்ணுங்கள். ஆறு மாதம் முன்பு பாஸ்போர்ட் சரியாக இருக்க வேண்டும். நான்கு மாதம் முன்பு அப்பாயின்ட்மென்ட் கையில் இருக்க வேண்டும். மூன்று மாதம் முன்பு காகிதம் உள்ளே போயிருக்க வேண்டும். 45 நாள் இழுத்தாலும் அப்போதுதான் தூக்கம் வரும்.

பாஸ்போர்ட்டில் மூன்று விஷயம் பாருங்கள். ஷெங்கன் எல்லையை விட்டு வெளியேறும் தேதிக்குப் பிறகு குறைந்தது மூன்று மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். கடந்த பத்து ஆண்டுக்குள் கொடுக்கப்பட்டதாக இருக்க வேண்டும். இரண்டு வெற்றுப் பக்கம் வேண்டும்.

2. அணியை நம்பி டிக்கெட் வாங்காதீர்கள்

புதிதாகப் போகிறவர்கள் செய்கிற கணக்கு இது: 'ஜப்பான் கண்டிப்பாக அரை இறுதிக்கு வரும், அந்த ஆட்டத்துக்கு மட்டும் போகலாம்.' 2025இல் பிலிப்பைன்ஸில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பான், பிரேசில், பிரான்ஸ் மூன்றும் குழுச் சுற்றிலேயே வெளியே போய்விட்டன. பிரான்ஸ் அதற்கு முந்தைய ஆண்டுதான் பாரிஸில் ஒலிம்பிக் தங்கம் வாங்கிய அணி. இறுதியில் இத்தாலியோடு மோதியது பல்கேரியா. அதை முன்கூட்டியே எழுதி வைத்தவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

குறிப்பிட்ட அணியைப் பார்த்தே தீர வேண்டும் என்றால் குழுச் சுற்றுக்குப் போங்கள். 2025இல் நான்கு அணிகள் கொண்ட எட்டுக் குழுக்கள், ஒவ்வோர் அணிக்கும் மூன்று ஆட்டம் உறுதி. குலுக்கல் முடிந்ததும் எந்த அணி எந்த ஊரில் எந்தத் தேதியில் என்று தெரிந்துவிடும். ஒரே டிக்கெட் செலவில் நிறைய அணிகளைப் பார்க்கவும் முடியும். நாக் அவுட்டுக்குப் போகிறீர்கள் என்றால் யார் ஆடினாலும் பார்ப்பேன் என்ற மனதோடு போங்கள்.

போலந்து அணி ஆடும் ஆட்டங்கள் தனிக் கதை. அந்த நாட்டில் வாலிபால் என்றால் நம் ஊரில் கிரிக்கெட் மாதிரி. டிக்கெட் திறந்த உடனே அவை தீர்ந்துவிடும். அந்தக் கூட்டத்தோடு உட்கார்ந்து பார்ப்பது ஓர் அனுபவம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது கிடைக்கவில்லை என்று கள்ளச் சந்தைக்குப் போக வேண்டாம். கடைசி நேரத்தில் சமூக ஊடகக் குழுவில் 'என்னிடம் இரண்டு எக்ஸ்ட்ரா இருக்கு' என்று பி.டி.எஃப். அனுப்புபவர் அதே பி.டி.எஃப்.பை இன்னும் பத்துப் பேருக்கு அனுப்பியிருக்கலாம். வாசலில் முதலில் ஸ்கேன் ஆகிறவருக்குத்தான் சீட்.

3. டிக்கெட் திறக்கும் நாள்

எங்கே விற்கிறார்கள் என்பதை உலக வாலிபால் சம்மேளனம் அல்லது போலந்து வாலிபால் சங்கத்தின் தளத்திலிருந்து கிளிக் செய்து போங்கள். தேடுபொறியில் மேலே வரும் விளம்பர இணைப்பு பெரும்பாலும் மறுவிற்பனைத் தளம்.

நேர வித்தியாசம் பலரைக் கவிழ்க்கும். கோடையில் போலந்து நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் நாலரை மணி நேரம். மார்ச் கடைசி ஞாயிறு ஒரு முறை, அக்டோபர் கடைசி ஞாயிறு ஒரு முறை மாறும். அங்கே காலை 10 மணிக்குத் திறக்கிறார்கள் என்றால் கோடையில் நமக்கு மதியம் 1:30. குளிர்காலத்தில் 2:30. நான் குளிர்காலக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு, சாப்பிட்டுவிட்டு நிதானமாக ஒரு மணி நேரம் தாமதமாக வந்து உட்கார்ந்தேன்.

அடுத்தது கார்டு. நம் வங்கி கார்டுகளில் வெளிநாட்டு ஆன்லைன் பரிவர்த்தனை பொதுவாக அணைக்கப்பட்டே வரும். ஆப்பில் போய் நாமாகத்தான் திறந்துவிட வேண்டும், வரம்பையும் ஏற்ற வேண்டும். முந்தின நாளே திறந்து, எங்காவது சின்னத் தொகைக்கு ஒரு வெளிநாட்டுப் பரிவர்த்தனை செய்து பாருங்கள். கூடையில் சீட் இருக்க, கடிகாரம் ஓட, ஓ.டி.பி. வராமல் நிற்கிற கொடுமை வேண்டாம். இரண்டாவது கார்டையும் பக்கத்தில் வையுங்கள்.

வாங்கும்போது டிக்கெட் ஓர் ஆட்டத்துக்கா, அன்றைய எல்லா ஆட்டங்களுக்குமா என்று படித்துவிடுங்கள். போட்டிக்குப் போட்டி இது மாறும். பெயர் கேட்டால் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே கொடுங்கள். நம்மில் பலருக்கு அப்பா பெயர்தான் குடும்பப் பெயர் என்ற இடத்தில் இருக்கும். அங்கே ஒரு மாதிரி, இங்கே ஒரு மாதிரி எழுதினால் விசா அதிகாரியிடமும் விளக்க வேண்டி வரும், வாசல் காவலரிடமும் விளக்க வேண்டி வரும்.

4. எந்த சீட்

இதைப் பற்றி யாரும் சொல்வதில்லை, எனக்கோ இதில் கொஞ்சம் பிடிவாதமே உண்டு. டி.வி.யில் நாம் பார்ப்பது பக்கவாட்டில் உயரத்திலிருந்து. அதே இடத்தில் காசு கொடுத்து உட்கார்ந்தால் அதே காட்சிதான்.

எண்ட் லைனுக்கு, அதாவது சர்வீஸ் போடும் கடைக்கோட்டுக்குப் பின்னால், பத்துப் பதினைந்து வரிசை மேலே உட்கார்ந்து பாருங்கள். ஒன்பது மீட்டர் அகலக் கோர்ட் முழுதும் முன்னால் விரியும். 2.43 மீட்டர் நெட்டுக்கு மேல் பிளாக்குக்கு எழும் கைகளுக்கு நடுவே எங்கே சந்து இருக்கிறது என்று ஸ்பைக்கர் பார்ப்பதை நீங்களும் பார்க்கலாம். எகிறி, பந்து சுழலாதபடி அடிக்கும் ஜம்ப் ஃப்ளோட் சர்வீஸ் கடைசி நேரத்தில் எப்படி ஆடி விலகுகிறது என்பது பக்கவாட்டிலிருந்து தெரியவே தெரியாது. ஜப்பான் ஸ்லோவேனியாவை நேர் செட்டில் ஜெயித்த அரை இறுதியை அப்படித்தான் பார்த்தேன். பந்து கையை விட்டுக் கிளம்பும் முன்பே ஜப்பானின் லிபரோ, பின்வரிசையில் பந்தைக் காப்பதற்கென்றே நிற்கும் வீரர், அரை அடி நகர்ந்துவிடுகிறார். டி.வி.யில் பத்து ஆண்டு பார்த்தும் இது என் கண்ணில் பட்டதில்லை.

பக்கவாட்டு சீட்தான் வேண்டும் என்றால் முதல் நடுவர் மேடை உள்ள பக்கத்தில் கொஞ்சம் உயரமாக வாங்குங்கள். ஸ்கோரர் மேசையும் இரண்டு அணிகளின் பெஞ்சும் எதிர்ப் பக்கம் இருப்பதால் டைம் அவுட்டில் கோச்சின் முகம் தெரியும். கீழ் வரிசையில் நடுவில் வாங்கினால் நடுவர் மேடையும் கேமராக்காரரும் கண்ணை மறைப்பார்கள். விலையோ அங்கேதான் அதிகம்.

5. விசா காகிதங்கள்

விண்ணப்பக் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ. 2024 ஜூன் 11 முதல் இந்தத் தொகை. நான் அதற்கு முன்பே கொடுத்துவிட்டதால் 80 யூரோவில் தப்பித்தேன். 6 முதல் 12 வயதுக்குள் உள்ள பிள்ளைகளுக்கு 45, ஆறு வயதுக்குக் கீழ் கட்டணம் இல்லை. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி, கூரியர் தனி. விசா மறுத்தாலும் திரும்ப வராது.

எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது? அதிக நாள் எங்கே தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம். நாள்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம். 'ஆட்டம் மூன்று நாள், அப்படியே பாரிஸ் ஒரு வாரம்' என்று திட்டம் போட்டால் உங்கள் விண்ணப்பம் பிரான்ஸிடம் போக வேண்டும், போலந்திடம் அல்ல. போலந்திடம் சீக்கிரம் நேரம் கிடைக்கிறது என்று மாற்றிக் கொடுத்தால் ஹோட்டல் புக்கிங்கே உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இனி படிவம். பயண நோக்கம் என்ற கேள்விக்குக் கீழே பல கட்டங்கள் இருக்கும். அதில் 'விளையாட்டு' என்று ஒன்று உண்டு. வாலிபால் பார்க்கத்தானே போகிறோம் என்று நான் அதில் டிக் அடித்தேன். கவுன்ட்டரில் இருந்த பெண் படிவத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் தொப்பையையும் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"சார் பிளேயரா?"

"இல்லம்மா, பார்க்கப் போறேன்."

"அப்போ ஃபெடரேஷன் இன்விடேஷன் லெட்டர் இருக்கா?"

இல்லை. வெளியே போய் ஜெராக்ஸ் கடையில் படிவத்தைப் புதிதாகப் பிரின்ட் எடுத்து, 'சுற்றுலா' என்று டிக் அடித்து, மறுபடி வரிசையில் நின்றேன். ஆட்டம் பார்க்கப் போகிறவர் சுற்றுலாப் பயணி. ஆட்டத்தைப் பற்றி கவரிங் லெட்டரில் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தக் கடிதம் ஒரு பக்கம் போதும். யார், என்ன வேலை, எந்தத் தேதி போய் எந்தத் தேதி திரும்புகிறேன், எந்தெந்த ஆட்டத்துக்கு டிக்கெட் இருக்கிறது, எங்கே தங்குகிறேன், செலவு யார் பார்க்கிறார்கள், திரும்பி வர என்ன காரணம் இருக்கிறது. நாள்வாரியாக ஓர் அட்டவணை சேர்த்துவிடுங்கள். ஆட்ட டிக்கெட்டின் நகலை அதோடு இணையுங்கள். டிக்கெட் இருப்பதால் விசா கிடைத்துவிடும் என்று மட்டும் நினைக்க வேண்டாம். அது உங்கள் கதைக்கு ஆதாரம், அவ்வளவுதான்.

மற்றவை:

கையெழுத்திட்ட படிவம், 35க்கு 45 மில்லிமீட்டர் அளவில் புதிய புகைப்படம். ஸ்டுடியோவில் 'ஷெங்கன் விசாவுக்கு' என்று சொன்னாலே அளவு தெரியும்.

வங்கிக் கணக்கு விவரம், சமீபத்திய மூன்று மாதமாவது. வங்கியின் முத்திரையும் கையெழுத்தும் இருக்கட்டும். போன வாரம் மொத்தமாக வந்து விழுந்த இரண்டு லட்சத்தைவிட, மாதாமாதம் ஏறி இறங்கும் சம்பளக் கணக்குக்கு மதிப்பு அதிகம். மச்சானிடம் கைமாற்று வாங்கிக் கணக்கில் போட்டுக் காட்டும் யோசனையை விட்டுவிடுங்கள்.

வருமான வரி ரிட்டர்ன், சம்பளச் சீட்டு, அலுவலகத்திலிருந்து விடுப்புக் கடிதம். விடுப்புக் கடிதத்தில் தேதிகள் விமானத் தேதியோடு ஒத்துப்போக வேண்டும். சொந்தத் தொழில் என்றால் பதிவுச் சான்றும் ஜி.எஸ்.டி. காகிதமும்.

போக வர விமான முன்பதிவு, எல்லா இரவுக்கும் தங்குமிட முன்பதிவு.

பயண மருத்துவக் காப்பீடு. குறைந்தது 30,000 யூரோ, ஷெங்கன் பகுதி முழுவதற்கும், தங்கும் எல்லா நாளுக்கும். இங்கே ஒரு சின்னக் கண்ணி. நள்ளிரவுக்குப் பின் கிளம்பும் விமானம் என்றால் வீட்டை விட்டுக் கிளம்பும் தேதியும் விமானத் தேதியும் வேறு. திரும்பும்போதும் அப்படித்தான். நான் காப்பீட்டில் ஒரு நாள் குறைத்துப் போட்டுவிட்டு மறுபடி திருத்தி வாங்கினேன். முன்னும் பின்னும் இரண்டு நாள் சேர்த்தே வாங்குங்கள், விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது.

இன்னொன்று. இட்டியாஸ் என்ற பெயரில் ஆன்லைன் அனுமதி வாங்கித் தருகிறோம் என்று சில தளங்கள் காசு கேட்கும். அந்த அனுமதி விசா தேவையில்லாத நாட்டவர்களுக்கானது. இந்திய பாஸ்போர்ட்டுக்கு விசாதான், வேறு குறுக்கு வழி இல்லை.

6. விமானம், எல்லைச் சோதனை

விசா வரும் வரை ரத்து செய்ய முடியாத விமான டிக்கெட் வாங்காதீர்கள். இதைத் தடித்த எழுத்தில் எழுத முடிந்தால் எழுதியிருப்பேன். என் மொத்தச் செலவில் பாதிக்கு மேல் விமானத்துக்குப் போனது. சீக்கிரம் வாங்கி நான் மிச்சம் பிடித்த தொகைக்கு விலையாக ஒரு மாத நெஞ்சடைப்பைக் கொடுத்தேன். விசாவுக்குப் பிடித்து வைத்த முன்பதிவோ ரத்து செய்யக்கூடிய டிக்கெட்டோ போதும்.

டெல்லியிலிருந்து வார்சாவுக்கு நேர் விமானம் இருக்கிறது. சென்னையிலிருந்து போகிறவர்களுக்கு தோஹா, துபாய் வழி வசதி. ஜெர்மனி மாதிரி இன்னொரு ஷெங்கன் நாட்டில் மாறினால் குடியேற்றச் சோதனை அங்கேயே முடியும், வார்சாவில் அல்ல. அப்படியானால் மாறுவதற்கு ஒன்றரை மணி நேரம் போதாது. பாஸ்போர்ட் முத்திரைக்குப் பதிலாக இப்போது முகப் படம் எடுத்துப் பதிவு செய்கிறார்கள், விசாவுக்குக் கொடுத்த கைரேகையோடு ஒத்துப்பார்க்கிறார்கள். முதல் முறை போகிறவர்களுக்கு நேரம் பிடிக்கும். மூன்று மணி நேர இடைவெளியாவது வைத்துக்கொள்ளுங்கள்.

கைப்பையில் ஒரு செட் காகிதம் இருக்கட்டும்: ஹோட்டல், திரும்பும் டிக்கெட், காப்பீடு, ஆட்ட டிக்கெட். எல்லையில் என்னை எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார்கள். வாலிபால் என்றேன். அதுவரை கல்லாக இருந்த அதிகாரியின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. ஆனாலும் ஹோட்டல் காகிதத்தைக் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் விட்டார்.

7. ஆட்டம் நடக்கும் ஊரிலேயே தங்குங்கள்

வூச்சில் அறை விலை ஏறிவிட்டது, வார்சாவில் மலிவு, நடுவே சுமார் 130 கிலோமீட்டர், ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். கணக்கு போட்டால் வார்சாதான் லாபம் என்று தோன்றியது. கணக்கில் நான் விட்டது ஐந்தாவது செட்டை.

வாலிபாலுக்கு முடியும் நேரம் கிடையாது. நேர் செட்டில் முடிந்தால் ஒன்றரை மணி நேரம். ஐந்து செட் போனால் இரண்டரை மணி நேரம், நடுவர் முடிவை வீடியோவில் பார்க்கச் சொல்லி சேலஞ்ச் கேட்டுக் கேட்டு இழுத்தால் அதற்கு மேலும். முதல் ஆட்டம் இழுத்தால் அடுத்த ஆட்டமும் தள்ளும்.

ஜூன் 29, அரை இறுதி, போலந்தும் பிரான்ஸும். இரண்டுக்கு இரண்டு செட். கடைசி வார்சா ரயிலுக்கு அரை மணி நேரம்தான் இருந்தது. எழுந்தேன். பக்கத்து சீட்டில் சிவப்பு வெள்ளைத் துண்டு போட்ட பெரியவர் ஒருவர், ஒரு வார்த்தை ஆங்கிலம் தெரியாது, என் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்தார். அவர் பிடித்த பிடி அந்தச் செட் முடியும் வரை விடவில்லை. போலந்து தோற்றது. அவ்வளவு பெரிய அரங்கம் சட்டென்று அடங்கியதில், கீழே குதித்துக் கத்திய பிரெஞ்சு வீரர்களின் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. ரயில் போய்விட்டது. பியோத்ர்கோவ்ஸ்கா தெருவில் ஒரு ஹாஸ்டலில் எட்டுப் பேர் அறையில் மேல் கட்டில் கிடைத்தது. வார்சாவில் காசு கொடுத்த ரூம் சும்மா கிடந்தது.

எனவே ரத்து செய்யக்கூடிய அறையை ஆட்ட ஊரிலேயே போடுங்கள், அதுவும் ஊர் பெயர் அறிவித்த வாரமே. ஆட்டத்துக்கு மறுநாள் காலைதான் ஊர் மாறுங்கள்.

ரயில் நிலையப் பெயரை முழுதாகப் படியுங்கள். வூச்சில் நிலையங்கள் பல. வார்சாவிலிருந்து வரும் வண்டிகள் பெரும்பாலும் ஃபாப்ரிச்னா நிலையத்துக்கு வரும். அரங்கத்தின் பக்கத்தில் இருப்பது கலிஸ்கா. இரண்டுக்கும் நடுவே டிராமில் போக வேண்டும். டிராமில் காகித டிக்கெட் வாங்கினால் ஏறியதும் அங்கே உள்ள சின்ன இயந்திரத்தில் நுழைத்து நேரம் பதிக்க வேண்டும். டிக்கெட் கையில் இருந்தும் பதிக்கவில்லை என்றால் அபராதம்தான், 'தெரியாது' என்பது செல்லாது.

8. பணம்

போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் அங்கே யூரோ ஓடாது. ஸ்வோட்டிதான். எழுத்தில் பார்த்தால் ஸ்லோட்டி, அதே கோடு போட்ட எல். கட்டாக யூரோ மாற்றிக்கொண்டு போய் அங்கே மறுபடி மாற்றினால் இரண்டு முறை நஷ்டம்.

டீக்கடை அளவு கடையிலும் கார்டு தட்டலாம். ரொக்கம் கொஞ்சம் போதும். நகரத்தில் 'கான்டோர்' என்று பலகை போட்ட மாற்றுக் கடைகள் உண்டு, விமான நிலையத்தில் இருப்பவற்றைவிட விலை நன்றாக இருக்கும். கார்டு இயந்திரமோ ஏ.டி.எம்.மோ 'ரூபாயில் கழிக்கவா, ஸ்வோட்டியில் கழிக்கவா' என்று கேட்டால் எப்போதும் ஸ்வோட்டி. ரூபாய் என்று அமுக்கினால் அவர்கள் வைத்த விலைதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலும் சூப்பர் மார்க்கெட்டுகளும் மால்களும் மூடியிருக்கும், ஆண்டில் சில ஞாயிறுகள் மட்டும் விதிவிலக்கு. இறுதிப் போட்டி வருவது ஞாயிற்றுக்கிழமைதான். 2024 ஜூன் 30 அப்படித் திறந்திருந்த ஞாயிறுகளில் ஒன்று என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. சனிக்கிழமையே தண்ணீர், ரொட்டி, பழம் வாங்கி வையுங்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் 'பியெரோகி ருஸ்கியே' என்று கேளுங்கள். உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்த கொழுக்கட்டை. மேலே பன்றிக் கொழுப்புத் துண்டுகள் தூவித் தருவார்கள், வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட வேண்டும்.

9. அரங்க வாசல்

ஒன்றரை மணி நேரம் முன்பே போங்கள். பெரிய பை, தண்ணீர் பாட்டில், குடை, செல்ஃபி ஸ்டிக் இவற்றைப் பொதுவாக விடுவதில்லை. முதுகுப்பையோடு போய், அதை வைக்க இடம் தேடி அரங்கத்தைச் சுற்றி ஓடியவர்களைப் பார்த்தேன். டிக்கெட்டை போனில் தரவிறக்கி வையுங்கள், ஒரு காகிதப் பிரதியும் இருக்கட்டும். ஆயிரக்கணக்கானோர் ஒரே இடத்தில் நிற்கும்போது நெட் இழுக்காது. பாஸ்போர்ட் அல்லது அதன் நகல் கையில் வேண்டும்.

சீக்கிரம் போவதில் இன்னொரு லாபம், வார்ம் அப். நெட்டுக்கு இரண்டு பக்கமும் மாறி மாறி அடிக்கும் அந்தச் சில நிமிடங்களில் பந்து தரையில் மோதும் சத்தம் இருக்கிறதே, அதற்கே டிக்கெட் காசு தகும்.

10. திரும்பும்போது

விசாவில் எழுதிய நாள் எண்ணிக்கையையும் செல்லுபடித் தேதிகளையும் தனித்தனியாகப் பாருங்கள். தேதி வரம்பு 20 நாள் என்று இருந்தாலும் தங்கும் நாள் 8 என்று இருந்தால் 8தான். நுழையும் நாளும் வெளியேறும் நாளும் கணக்கில் சேரும்.

வந்ததும் போர்டிங் பாஸ், ஹோட்டல் பில் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள், அடுத்த விண்ணப்பத்துக்கு உதவும். கொடுத்த கைரேகை 59 மாதம் வரை செல்லும். 2024 ஏப்ரலில் வந்த விதிப்படி, இந்தியாவில் வசிக்கும் இந்தியர் மூன்று ஆண்டுக்குள் இரண்டு ஷெங்கன் விசாவை ஒழுங்காகப் பயன்படுத்தியிருந்தால் அடுத்து இரண்டு ஆண்டுக்குப் பலமுறை நுழையும் விசா பெற வழி உண்டு. என் கணக்கில் இப்போது ஒன்று இருக்கிறது. பழைய விசா பக்கத்தின் ஜெராக்ஸ் நான்கு பிரதி எடுத்து, ஃபைலில் முதல் பக்கமாக வைத்திருக்கிறேன்.